மண் பரிசோதனையும் நில அமைப்பும்: வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டப் போகிறவர்களும், சிறு ஒப்பந்ததாரர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிவில் பொறியாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலத்திலிருந்து. இலங்கை வாசகர்களுக்குத் தேவையான இரண்டொரு விஷயங்களும் உண்டு.

சாயில் டெஸ்ட் என்றால் போர் போடுவதுதானே? அதற்கு முன்னால் என்ன வேலை இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மண் பரிசோதனைக்குப் போடும் குழியின் விட்டம் 10 முதல் 15 செ.மீ. அரை ஏக்கர் மனையில் மூன்று குழி போட்டாலும் நாம் கண்ணால் பார்க்கிற மண் ஒரு கைப்பிடிதான். குழிக்கும் குழிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்கிறோம். அந்த ஊகம் சரியாக வர வேண்டுமானால் இந்த நிலம் எப்படி உண்டானது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலா? கடல் பின்வாங்கிய மணலா? பாறை இருந்த இடத்திலேயே மக்கி மண்ணானதா? மலையிலிருந்து சரிந்து வந்து சேர்ந்ததா? அல்லது பத்து வருடம் முன்பு லாரியில் கொட்டியதா? ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கும் சிக்கல் வேறு. ஆற்று வண்டலில் பத்தடி தள்ளிப் போனால் மணல் களிமண்ணாக மாறிவிடும். மக்கிய பாறையில் மண்ணுக்கு நடுவே பெரிய உருண்டைக் கல் நிற்கும். சரிந்து வந்த மண் மறுபடியும் சரியும். எந்தச் சிக்கலைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் போரை எங்கே போடுவது, எவ்வளவு ஆழம் போவது, எந்தச் சோதனையைக் கேட்பது என்று முடிவு செய்ய முடியும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1892 கூட, துளையிடும் முன் களத்தை நேரில் பார்த்து, கிடைக்கும் பழைய விவரங்களைச் சேகரிக்கச் சொல்கிறது. நடைமுறையில் பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான்.

எங்கள் மனை முன்பு ஏரியாகவோ ஓடையாகவோ இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ்நாட்டில் ஒருவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நம் ஊர்களில் ஏரி, குளம், கண்மாய், வாய்க்கால் இல்லாத பகுதி குறைவு. நகரம் வளர்ந்தபோது முதலில் மறைந்ததும் அவைதான். தியாகராய நகரின் பெரும்பகுதி 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவானது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். ஏரிப் படுகையில் கட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது ஏரிப் படுகை என்று தெரிந்து கட்ட வேண்டும்.

முதலில் வருவாய்த் துறை ஆவணங்கள். கிராமத்தின் அ-பதிவேட்டில் (ஒவ்வொரு நிலத்தின் வகையையும் காட்டும் பதிவேடு) உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றியிருக்கும் எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ‘ஏரி புறம்போக்கு’ என்றோ ‘ஓடை’ என்றோ இருந்தால், உங்கள் மனையும் அதன் நீர்பிடிப்பிலோ கரையோரத்திலோ இருக்கலாம். உங்கள் நிலம் நஞ்சை என்று பதிவாகியிருந்தால் பல தலைமுறை நீர் நின்று உழுத களிமண்ணை எதிர்பாருங்கள். புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஒரு எல்லைக்கோடு வளைந்து நெளிந்து போனால் அது பழைய வாய்க்கால் கரையாக இருக்க வாய்ப்பு அதிகம். மனிதர் அளந்து பிரித்த எல்லைகள் பெரும்பாலும் நேராக இருக்கும்.

அடுத்தது வரைபடங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 நிலவரைபடங்களில் ஏரிகள், கரைகள், ஓடைகள், சம உயரக் கோடுகள் எல்லாம் இருக்கும். பழைய பதிப்பு கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். இஸ்ரோவின் புவன் தளத்தில் நில அமைப்பு வரைபடங்களும், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் பாறை வகை வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். நவம்பர், டிசம்பரில் எடுத்த படம் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். கோடைப் படத்தில் வெறும் பொட்டலாகத் தெரியும் இடம் மழைக்காலப் படத்தில் கறுத்துத் தண்ணீராகத் தெரியும்.

அப்புறம், ஊர்ப் பெரியவர்கள். ‘இங்கே மழைக்காலத்தில் என்ன ஆகும்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘ஒன்றும் ஆகாது’ என்பார்கள், குறிப்பாக மனை விற்கிறவர் பக்கத்தில் நின்றால். ‘கலுங்கு எங்கே இருந்தது, தண்ணீர் எந்த வழியாகப் போகும்?’ என்று கேளுங்கள். (கலுங்கு என்பது ஏரியின் உபரி நீர் வெளியேறும் வாய்.) கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கை உங்கள் மனை வழியாகப் போகிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் முடிச்சூர் மூழ்கியபோது, தண்ணீர் ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளியில்தான் பரவியது.

மனையை நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மனைக்குள் நுழையும் முன் அக்கம்பக்கத்தைச் சுற்றுங்கள். பழைய வீடுகளின் காம்பவுண்டு சுவர் நேராக நிற்கிறதா, அலை அலையாகச் சாய்ந்திருக்கிறதா? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா? வாசல் படிக்கட்டு வீட்டிலிருந்து விலகி இடைவெளி விட்டிருக்கிறதா? படிக்கட்டுக்கு ஆழமான அஸ்திவாரம் யாரும் போடுவதில்லை, அதனால் மேல் மண் என்ன செய்கிறது என்பதை அது முதலில் காட்டிவிடும்.

கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். திறந்த கிணற்றின் சுவர் செலவில்லாத ஒரு போர்க்குழி. எத்தனை அடியில் செம்மண் முடிகிறது, எங்கே சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கல்) ஆரம்பிக்கிறது, எங்கே பாறை என்று கண்ணால் பார்க்கலாம். நீர் மட்டக் கறையும் தெரியும். பக்கத்தில் எங்காவது வானம் தோண்டியிருந்தால், கேபிளுக்குப் பள்ளம் வெட்டியிருந்தால், அதையும் விடாதீர்கள். கோரையும் சம்பும் வளர்ந்திருந்தால் நீர் மேலாக நிற்கிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உவர் நிலம். அங்கே கான்கிரீட்டைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும்.

பக்கத்து மனைக்கு ஏற்கெனவே ரிப்போர்ட் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

வாங்கிப் படியுங்கள், நல்லது. அதை வைத்து டிசைன் செய்யாதீர்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் பாறை வெளியே தெரிகிறது. கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால், 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரை வைத்தார். பரங்கிமலை அந்தப் பாறையின் மாதிரி இடமாகவே கருதப்படுகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே போனால் வேளச்சேரி, அப்புறம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். களிமண்ணும் நீரும். 2022இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற சதுப்பு நிலம் அது. இரண்டுக்கும் நடுவில் பாறையின் மேற்பரப்பு மெல்ல மெல்லச் சரிந்து போவதில்லை. ஏறி இறங்கி, சில இடங்களில் சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும். ஒரே மனையின் ஒரு மூலையில் பாறை பத்தடியிலும் எதிர் மூலையில் முப்பதடியிலும் வரலாம். பாதி வீடு பாறையிலும் பாதி வீடு களிமண்ணிலும் உட்கார்ந்தால், களிமண் பக்கம் மட்டும் இறங்கும். வீடு முழுக்க ஒரே அளவாக இறங்கினால் பெரிய சேதம் வராது. ஒரு பக்கம் மட்டும் இறங்குவதுதான் சுவரைப் பிளக்கிறது.

எத்தனை போர் போட வேண்டும், எவ்வளவு ஆழம்?

ஐஎஸ் 1892 தரும் வழிகாட்டல் எளிமையானது. ஏறக்குறைய ஒரு ஏக்கர் பரப்பில் வரும் கட்டடத்துக்கு நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு போர். சின்ன வீடு என்றால் நடுவில் ஒன்று போதும் என்று அது சொல்கிறது. சின்ன மனையிலும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு போடச் சொல்வது என் வழக்கம். ஒரு போர் மண்ணைச் சொல்லும். இரண்டு போர் இருந்தால்தான் மண் மாறுகிறதா என்று தெரியும்.

ஆழத்துக்கு, அஸ்திவார மட்டத்திலிருந்து ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட்) அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு கீழே போக வேண்டும் என்பது பொது விதி. இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபுட்டிங்குகள் நெருக்கமாக இருந்தால் அவற்றின் பாரம் கீழே ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது தனி ஃபுட்டிங்கின் அகலத்தைக் கணக்கில் எடுத்தால் தப்பு. கட்டடம் முழுவதையும் ஒரே அகலமான பாரமாக நினைத்து ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகை) போடுவதாக இருந்தாலும் அப்படியே. மென்மையான களிமண்ணிலோ நிரப்பிய மண்ணிலோ குழியை முடிக்கவே கூடாது. நல்ல அடுக்கை எட்டி, அது உண்மையிலேயே தடிமனான அடுக்குதானா என்று உறுதி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

ரிப்போர்ட்டில் வரும் ‘என்’ மதிப்பு எப்படி வருகிறது? அதை நம்பலாமா?

எஸ்பிடி சோதனையில், குழியின் அடியில் ஒரு பிளவு உருளை மாதிரிக் குழாயை வைத்து, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ விடுகிறார்கள். குழாய் 15 செ.மீ. இறங்க எத்தனை அடி, அடுத்த 15 செ.மீ.க்கு எத்தனை, கடைசி 15 செ.மீ.க்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். குழியின் அடி கலைந்திருக்கும் என்பதால் முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு, பின்னிரண்டையும் கூட்டினால் அதுதான் ‘என்’. மணலில் 10க்குக் கீழே என்றால் தளர்வு, 30க்கு மேல் என்றால் இறுக்கம். களிமண்ணில் 4க்குக் கீழே வந்தால் மென்மையான மண்.

முறை சுலபம். தப்பு நுழையும் வழிகள் பல. அதனால்தான் போர் போடும்போது உங்கள் ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கயிற்றை இழுத்து விடுகிறவர் மதியத்துக்கு மேல் களைத்துப் போவார். சுத்தி 75 செ.மீ.க்குப் பதில் 60 செ.மீ.தான் உயரும். அடிகளின் எண்ணிக்கை கூடும், மண் நிஜத்தைவிட பலமாகத் தெரியும். கம்பியில் 75 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் குறி போட்டு, சுத்தி அதைத் தொடுகிறதா என்று பார்த்தாலே போதும்.

இன்னொன்று நீர். நிலத்தடி நீருக்குக் கீழே மணலில் துளையிடும்போது குழிக்குள் நீர் மட்டம் தாழ்ந்துவிட்டால், வெளியே இருக்கும் நீர் அடியிலிருந்து மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். அந்தக் கலைந்த மணலில் அடித்தால் ‘என்’ குறைவாக வரும். நல்ல மணலை மோசமான மணல் என்று எழுதி, தேவையில்லாமல் பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போட வைத்துவிடுவார்கள். சரளைக் கல் ஒன்று குழாயின் வாயை அடைத்துக்கொண்டால் நேர் எதிராக, ‘என்’ திடீரென்று ஏறிவிடும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் குழாயைப் பிளந்ததும் உள்ளே வந்த மண்ணைப் பாருங்கள். அதைக் கையில் எடுத்து விரலால் நசுக்குங்கள், மோந்து பாருங்கள். கறுத்து, அழுகிய வாடையோடு இருந்தால் உயிர்ப்பொருள் கலந்த களிமண், காலப்போக்கில் நிறைய இறங்கும். கழுவி வரும் நீரின் நிறம் மாறும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு சோதனைகளுக்கு நடுவில் மறைந்திருக்கும் மெல்லிய அடுக்கை அந்த நிற மாற்றம்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒழுங்கான ரிப்போர்ட்டில் மூன்று 15 செ.மீ. எண்ணிக்கைகளும் தனித்தனியாக இருக்கும். கூட்டுத்தொகை மட்டும் இருந்தால் களத்தில் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பாறை வந்துவிட்டது என்கிறார்கள். அதோடு நிறுத்தலாமா?

வந்தது பாறையா, உருண்டைக் கல்லா என்று தெரியும் வரை நிறுத்தக் கூடாது. சார்னோகைட், கிரானைட் போன்ற பாறைகள் விரிசல்கள் வழியாக மக்கும்போது நடுப்பகுதி மக்காமல் பெரிய உருண்டையாக நின்றுவிடும். சுற்றிலும் மண், நடுவே கல். அதில் எஸ்பிடி அடித்தால் இறங்காது. ‘ரெஃபியூசல், பாறை’ என்று எழுதிவிடுவார்கள். கல்லுக்குக் கீழே மறுபடியும் மண் இருக்கும். அதன் மேல் பைலை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வைர முனை வைத்துக் குறைந்தது 3 மீட்டராவது பாறைக்குள் துளைத்து, கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுக்க வேண்டும். பெட்டியில் அடுக்கிய கோரில் 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டி, துளைத்த நீளத்தோடு ஒப்பிட்டால் பாறையின் தரத்தைச் சொல்லும் ஆர்க்யூடி சதவீதம் கிடைக்கும். 25க்குக் கீழே என்றால் மிக மோசமான பாறை, 90க்கு மேல் என்றால் அருமையான பாறை. கோர் பெட்டியின் புகைப்படம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். துண்டுகளின் விளிம்பில் துருப்பிடித்த மஞ்சள் நிறம் தெரிந்தால் அந்த விரிசல் வழியாக நீர் ஓடுகிறது.

எங்கள் ஊரில் கரிசல் மண். வீடு கட்டினால் விரிசல் விழும் என்கிறார்கள். என்ன செய்வது?

கோவில்பட்டி, விருதுநகர், தூத்துக்குடியின் உள்பகுதி, கோவை, திருப்பூர் எனப் பல இடங்களில் இந்தக் கேள்வி வரும். கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நீரை உள்ளே இழுத்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கரிசல் காட்டில் நடந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கும். ஐப்பசி மழையில் அதே வெடிப்பு மூடி, நிலம் உயர்ந்துவிடும். வீடும் அதோடு ஏறி இறங்கும். பலருக்கு வியப்பாக இருக்கும், இதில் அதிகம் பாதிக்கப்படுவது ஒற்றை மாடி வீடும் காம்பவுண்டு சுவரும்தான். மண் வீங்கும் விசையை எதிர்த்து அழுத்தும் பாரம் அவற்றுக்கு இல்லை.

எவ்வளவு வீங்கும் என்பதற்குச் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. காய்ந்த மண்ணைப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மி.லி. அளவு ஜாடிகளில் போடுங்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் நீர். கிளறிக் காற்றுக் குமிழியைப் போக்கி, ஒரு நாள் வைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. அது 10 மி.லி.யில் நிற்க, நீரில் இருப்பது 18 மி.லி.க்கு ஏறியிருந்தால் வீக்கம் 80 சதவீதம். 50ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரம் போடத் தயங்க வேண்டும். ஜாடிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து வீட்டுக்காரருக்குக் காட்டுவது என் வழக்கம். அதைப் பார்த்த பிறகு செலவைப் பற்றிய வாக்குவாதம் வருவதில்லை.

தீர்வு கரிசலின் தடிமனைப் பொறுத்தது. நாலைந்து அடியில் சுக்கானோ மொரம்போ (சரளை மண்) வந்துவிட்டால் கரிசல் முழுவதையும் தாண்டி அதன் மேல் உட்காருங்கள், விஷயம் முடிந்தது. ஆழமாகப் போனால் அண்டர்ரீம்டு பைல். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த நாட்டுக் கரிசலுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. பைலின் அடிப்பக்கம் தண்டைப் போல் இரண்டரை மடங்கு விட்டத்துக்கு விரிந்திருக்கும். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல் மண்ணுக்குக் கீழே, ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்கு அப்பால் அந்த விரிவு உட்கார்வதால் மேல் மண் இழுத்தாலும் பைல் எழும்பாது. மேலே பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட மறக்காதீர்கள். பைல் போட்டுவிட்டு பீமை மண்ணோடு ஒட்டிக் கட்டினால், மண் வீங்கிப் பீமைத் தூக்கும். தரைத்தளத்துக்கு அடியிலும் கரிசலை எடுத்துவிட்டு வீங்காத மண்ணை அடுக்கடுக்காக நிரப்பி இறுக்குங்கள். சுற்றிலும் நல்ல ஏப்ரன் (சுவரை ஒட்டிய சரிவான தளம்) போட்டு, கழிவுநீர்க் குழாய் கசியாமல் பாருங்கள். சுவரை ஒட்டி மரம் வேண்டாம், வேர் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சும்.

பிளேட் லோடு டெஸ்ட் எடுத்தால் போர் வேண்டாமே?

தரையில் ஒரு தகட்டை வைத்துப் பாரம் ஏற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பிளேட் லோடு டெஸ்ட். 30 செ.மீ. தகட்டின் பாரம் கீழே ஏறக்குறைய 60 செ.மீ. வரைதான் உறைக்கும். உங்கள் 2 மீட்டர் ஃபுட்டிங்கின் பாரம் 4 மீட்டர் வரை போகும். மேலே ஒரு மீட்டர் இறுகிய மண்ணும் கீழே சேறும் இருந்தால் தகடு அருமையான விடை தரும், கட்டடம் இறங்கும். போரோடு சேர்த்து எடுத்தால் பயன் உண்டு, தனியாகப் போதாது.

ஏப்ரலில் எடுத்த ரிப்போர்ட் மழைக்காலத்துக்கும் பொருந்துமா?

மணலில் நீர் மட்டம் அஸ்திவாரம் வரை ஏறினால் தாங்குதிறன் பாதி அளவுக்குக் குறையலாம். ஐஎஸ் 6403 கணக்கில் இதற்கென்றே ஒரு திருத்தக் காரணி இருக்கிறது. ஆகவே சோதனை நாளில் கண்ட நீர் மட்டத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து கிணறுகள் நிரம்பியிருக்கும் காலத்தில் நீர் எங்கே நிற்கும் என்று கேட்டு, அதை வைத்துப் போட வேண்டும். போர் முடிந்த உடனே அளக்கும் நீர் மட்டமும் சரியல்ல. துளையிடவே நீர் ஊற்றியிருப்பார்கள். ஒரு நாள் விட்டு அளந்தால்தான் நிஜ மட்டம் தெரியும்.

மனையைச் சவுடு (நிரப்பு மண்) அடித்து உயர்த்திவிட்டார்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது, இறுகியிருக்காதா?

தானாக இறுகாது. மழை பெய்தால் கொஞ்சம் அமரும், அவ்வளவுதான். லாரியில் கொண்டுவந்து ஒரே மூச்சில் ஐந்தடி கொட்டிய மண்ணுக்குள் கட்டட இடிபாடு, பிளாஸ்டிக், மரத்துண்டு எல்லாம் கிடக்கும். அதன் அடியில் பழைய களிமண் இருந்தால், கொட்டிய மண்ணின் பாரத்திலேயே அந்தக் களிமண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே பைல் போட்டாலும் சிக்கல் உண்டு. இறங்கும் மண் பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்த இழுவையைக் கணக்கில் சேர்க்காமல் பைல் டிசைன் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரப்பிய மண்ணின் ஆழத்தை அறிய ஜேசிபி வைத்து நாலு இடத்தில் குழி வெட்டுங்கள். போரைவிட அது தெளிவாகக் காட்டும்.

மலைச்சரிவில் கட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் மனையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மனைக்கு மேலே இருப்பதைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலையுச்சிக்குப் பக்கத்தில் பெயர்ந்த மண்ணும் கல்லும் ஆற்று வழியாகப் பல கிலோமீட்டர் ஓடி முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது. அந்த வீடுகள் நின்ற இடத்தில் போர் போட்டிருந்தால் மண் நன்றாகவே இருந்திருக்கும். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். இந்த வேலையில் இருக்கிற யாரும் அந்தச் செய்தியை எளிதில் கடந்துவிட முடியாது.

நீலகிரியில் சார்னோகைட் பாறை மக்கித் தடிமனான செம்மண் போர்வையாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது ஜேசிபி வெட்டிய செங்குத்துச் சுவர் அப்படியே நிற்கும். நாள்கணக்கில் மழை பெய்தால் நீர் இறங்கி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையே அழுத்தம் ஏறி, போர்வை வழுக்கிவிடும். 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க அப்படித்தான் சரிந்தது, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

களத்தில் பார்க்க வேண்டியவை: அடிமரம் சாய்ந்து மேலே நிமிர்ந்து வளரும் மரங்கள், சரிவின் மேல் பக்கத்தில் பிறை வடிவ விரிசல், கோடையிலும் ஊற்று கசியும் இடம், சாய்ந்த மின்கம்பம், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் தேயிலைத் தோட்டம். செங்குத்தான சரிவின் நடுவில் திடீரென்று ஒரு சமதளம் இருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். அது பழைய சரிவு வந்து நின்ற இடமாக இருக்கலாம். மலையடிவாரத்தில் ஓடை சமவெளிக்குள் இறங்கும் வாயில் விசிறி போல் விரிந்த மேடும் அப்படியே. வீடு கட்ட வசதியாகத் தெரியும் அந்த மேட்டை உண்டாக்கியது மேலிருந்து வந்த கல்லும் மண்ணும்தான்.

புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களைப் பாருங்கள். அவை 1:50,000 அளவில் இருப்பதால் உங்கள் ஐந்து சென்ட் மனைக்கு நேரடி விடை தராது, எச்சரிக்கை மட்டும் தரும். வெட்டு எவ்வளவு உயரம் என்பதைவிட நீர் எப்படி வெளியேறும் என்பதற்கு அதிகப் பணம் ஒதுக்குங்கள். வடிதுளை இல்லாத தடுப்புச் சுவர் முதல் பெருமழையிலேயே தள்ளப்படும்.

இலங்கை மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நிலச்சரிவு அபாயத்தை ஆராய்ந்து சான்று தருகிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் பற்றி முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. போக வேறு இடம் கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுப்பதால் யாரும் காப்பாற்றப்படுவதில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சில அடியிலேயே கல் வருகிறது. அங்கே பரிசோதனை தேவையா?

தேவை. அது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளையும் கால்வாய்களையும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்த நிலத்தடிப் பாதைகளின் வெளி அடையாளம். துளையிடும்போது தண்டு திடீரென்று கீழே நழுவினாலோ, ஊற்றிய நீர் திரும்பி வராமல் மறைந்தாலோ ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே வெற்றிடம் இருக்கிறது. பெரிய கட்டடம் என்றால் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு சோதனைத் துளை போடுவது நல்லது.

கடலோர மனைக்கு?

மேலே இருக்கும் மணலைப் பார்த்து ஏமாறாதீர்கள். மணல் திட்டுகளுக்கு நடுவே பழைய உப்பங்கழி இருந்திருந்தால் மணலுக்குக் கீழே மென்மையான களிமண் கிடக்கும். மண்ணிலும் நீரிலும் குளோரைடு, சல்பேட் சோதனையைத் தவறாமல் கேளுங்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி நிலத்தில் காற்று சேர்த்த செம்மணல் தளர்வாக இருக்கும். காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரியும், நீர் இறங்கினால் அமர்ந்துவிடும்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் எஸ்பிசி (மண் பத்திரமாகத் தாங்கும் பாரம்) எண்ணைத்தான் பார்க்கிறோம். வேறு என்ன பார்க்க வேண்டும்?

அந்த எண் எந்த ஆழத்துக்கு, எந்த அகல ஃபுட்டிங்குக்கு, எந்த நீர் மட்டத்துக்கு என்று பாருங்கள். இவை மூன்றும் இல்லாமல் எஸ்பிசிக்குப் பொருளே இல்லை. மண் உடைந்து போகாமல் தாங்கும் அளவு ஒன்று, அனுமதித்த அளவுக்குள் இறங்கும் பாரம் இன்னொன்று. இரண்டில் குறைவானதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது கணக்கே இல்லாத ரிப்போர்ட்டுகள் நிறைய வருகின்றன. களிமண் மனைக்கு அப்படி வந்தால் திருப்பி அனுப்புங்கள். போர் போட்ட இடங்களைக் காட்டும் வரைபடமும் தரை மட்டமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வானம் தோண்டியபோது ரிப்போர்ட்டில் சொன்ன மண் இல்லை. வேலையை நிறுத்த வேண்டுமா?

அந்தக் குழியில் நிறுத்துங்கள், மற்றதைத் தொடரலாம். ஒரு இரும்புக் கம்பியை அடியில் குத்திப் பார்த்து, மென்மையான இடம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பழைய கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மூடிய வாய்க்கால் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கிணறு என்றால் வட்டமாகவும், வாய்க்கால் என்றால் பக்கத்துக் குழிகளிலும் ஒரே திசையில் தொடர்வதாகவும் இருக்கும். அளவோடு புகைப்படம் எடுத்து, மண் மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அன்றைக்கே ரிப்போர்ட் கொடுத்தவருக்கும் டிசைனருக்கும் அனுப்புங்கள். மேஸ்திரி ‘ரெண்டு லோடு மணல் போட்டு மூடிடலாம்’ என்பார். பதில் வரும் வரை பிசிசி (அஸ்திவாரக் குழியின் அடியில் போடும் முதல் கான்கிரீட்) போட விடாதீர்கள். இரவில் மழை வரும் போலிருந்தால் குழியைத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் சிறிய வரப்பு எடுத்துவிடுங்கள். அடி மண் ஒருமுறை ஊறிவிட்டால் அந்தச் சேற்றை வழித்து எடுத்துவிட்டு, மறுபடியும் உறுதியான மட்டம் வரை தோண்ட வேண்டியிருக்கும்.